பொந்து போனால் மச்சு

மலையடிவாரத்து ஓட்டு வீடுகளில் ராத்திரி மச்சில் சத்தம் கேட்டால் முதலில் பயம் வரும். மறுநாள் காலையில் எலி மருந்து வரும். இரண்டுக்கும் நடுவே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மேலே இருப்பது யார் என்று பார்ப்பது. அதைத்தான் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை.

தேனியிலிருந்து குமுளிச் சாலையில் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று போகப் போக இரண்டு பக்கமும் மலை நெருங்கிக்கொண்டே வரும். மேற்கே கேரளத்து ஏலமலை. கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும். நடுவில் முல்லைப் பெரியாறு தண்ணீர் பாயும் வயல், தென்னந்தோப்பு, பன்னீர் திராட்சைப் பந்தல். லோயர் கேம்ப், சுருளிப்பட்டி போன்ற ஊர்களில் வீட்டுப் புறக்கடை முடியும் இடத்திலிருந்து காடு அதிக தூரமில்லை. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டதும் இந்தப் பள்ளத்தாக்கின் கிழக்கு மலை நாட்டின் 51-ஆவது புலிகள் காப்பகத்தின் பகுதியானது. பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். புலி கீழே இறங்கினால் செய்தி. யானை இறங்கினால் ஊரே தெருவுக்கு வந்துவிடும். ஓட்டைப் பிரித்துக்கொண்டு சத்தமில்லாமல் வீட்டுக்குள்ளேயே குடியேறும் சின்ன உயிர்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

அவற்றில் மிக அரிதான விருந்தாளி, பறக்கும் அணில்.

சத்தத்தை வைத்து ஆளைப் பிடிக்கலாம்

"ராத்திரி ஆனா மச்சுல ஏதோ உருளுது" என்று சொல்லும் வீடுகளில் பெரும்பாலும் மேலே இருப்பது எலியோ மரநாயோதான். இரண்டையும் பிரித்தறிவது கடினமில்லை. எலி ஓடினால் கீறல் சத்தம் கேட்கும், சுவரோரமாகவே ஓடும். மரநாய் நடந்தால் ஆள் நடப்பது மாதிரி கனமாகக் கேட்கும். பேய் என்று பயந்த வீடுகள் எத்தனையோ. ஒரு பூனையைவிடச் சற்றே நீளமான உடம்பு, நீண்ட வால், கறுத்த முகம். தட்டோட்டுப் பலகையில் மஞ்சள் கறை படிந்து மூத்திர நாற்றம் அடித்தால், ஓட்டின் மேலேயோ மதில் மேலேயோ ஒரே இடத்தில் எச்சம் குவிந்திருந்தால், அதைக் குச்சியால் கிளறிப் பாருங்கள். காப்பிக் கொட்டை, அத்தி விதை, பனம்பழ நார் என்று செரிக்காதவை நிறைய இருந்தால் அது மரநாய்.

வௌவால் எச்சம் பார்ப்பதற்கு எலிப் புழுக்கை போலவே இருக்கும். விரலால் தொடாமல் ஒரு காகிதத்தில் வைத்து நசுக்கினால் பொடியாக உதிரும். பூச்சிச் சிறகுத் துணுக்குகள் மினுங்கும். எலிப் புழுக்கை அப்படி உதிராது. பகலில் சத்தம் போட்டுவிட்டு ராத்திரி அமைதியாகிவிட்டால் அது முதுகில் மூன்று கோடு போட்ட நம் வீட்டு அணில். அதன் கூட்டில் தேங்காய் நார், துணிக் கிழிசல், போடி பக்கம் என்றால் இலவம் பஞ்சு எல்லாம் இருக்கும்.

பறக்கும் அணில் இந்த எந்தக் கணக்கிலும் அடங்காது. பகல் முழுக்கச் சத்தமே இருக்காது. சூரியன் மறைந்து இருட்டு கூடும் நேரத்தில் ஓட்டின் மேல் ஒரு சின்ன சரசரப்பு. பிறகு விடியும் முன் வரைக்கும் மீண்டும் அமைதி. ராத்திரி முழுக்க அது வெளியேதான் இருக்கும். விடிவதற்குள் திரும்பிவிடும். வீட்டுக்காரர் தூங்கும் நேரத்தில் மச்சில் உருண்டு புரள்வது பெரும்பாலும் வேறு ஆள்தான்.

இருட்டில் ஒரு விரிப்பு

மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பவை இரண்டு வகை. ஒன்று பெரிய பறக்கும் அணில். இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளது. மேகமலைக் காடுகளிலும் உண்டு. மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம், பாதிக்கு மேல் வால். எடை ஒன்றரை, இரண்டு கிலோ. இன்னொன்று திருவிதாங்கூர் பறக்கும் அணில். எலியைவிடச் சற்றே பெரியது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்து, அழிந்தே போய்விட்டது என்று நினைத்த பிறகு 1989-இல் கேரளத்தில் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. அத்தனை காலமும் அது மனிதர்கள் நடமாடும் தோட்டங்களுக்கு அருகிலும் வாழ்ந்துகொண்டுதான் இருந்தது. ராத்திரியில் அண்ணாந்து பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பறக்கும் அணில் பறப்பதில்லை, சறுக்குகிறது. முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே உடம்பின் இரண்டு பக்கமும் ரோமம் மூடிய தோல் மடிப்பு இருக்கிறது. பெரிய மரத்தின் உச்சிக்கு ஏறி, ஒரு கணம் தலையை மேலும் கீழும் ஆட்டித் தூரத்தை அளந்துவிட்டு, நான்கு காலையும் விரித்துப் பாயும். பாய்ந்ததும் உடம்பு உலர்த்திப் போட்ட போர்வை மாதிரி சதுரமாகிவிடும். எதிர்மரம் நெருங்கும்போது வாலையும் முன்னுடம்பையும் மேல்நோக்கி வளைத்து வேகத்தைக் குறைத்து, அடிமரத்தில் நான்கு காலாலும் ஒட்டிக்கொள்ளும். உடனே மரத்தின் மறுபக்கம் ஓடி மறைந்துவிடும். பின்னாலேயே ஆந்தை துரத்தி வந்தால் தப்ப வேண்டுமே. அப்புறம் மறுபடி உச்சிக்கு ஏறும். இதைச் செய்ய உயரம் வேண்டும். உயரமான மரம் இருந்தால் பல பத்து மீட்டரைச் சாதாரணமாகக் கடக்கும். சாதகமான சரிவில் நூறு மீட்டர்கூடப் போகும். மரம் குட்டையானால் தூரமும் குட்டைதான்.

சாப்பாடு அத்திப்பழம், பலா, வெடிப்பலா, இளந்தளிர், மரப்பட்டை. டார்ச் வெளிச்சம் பட்டால் கண் சிவப்பாக ஒளிரும். ஒரு ஈற்றில் பெரும்பாலும் ஒரே குட்டி. எலி மாதிரி மாதத்துக்கு ஒரு கூட்டம் பெருக்கும் இனமில்லை. ஒரு தாயைக் கொன்றால் அந்த ஆண்டின் கணக்கே முடிந்துவிடும்.

ஏன் ஓட்டைத் தேடுகிறது?

மேகமலைப் பக்கம் மூன்று பெரிய அணில்களைப் பார்க்கலாம். மலபார் மலை அணிலும் சாம்பல் நிற மலை அணிலும் பகலில் நடமாடுபவை. சாம்பல் அணிலுக்காகவே 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைந்தது. இந்த இரண்டும் மர உச்சியில் குச்சி, இலை அடுக்கித் தாங்களே கூடு கட்டிக்கொள்ளும். வீட்டுக் கூரை அவற்றுக்குத் தேவையே இல்லை. பறக்கும் அணிலுக்குப் பெரும்பாலும் மரப்பொந்துதான் வீடு. பொந்தை அது தானே குடையாது. கிளை முறிந்த இடத்தில் மழை இறங்கி, பூஞ்சை தின்று, கறையான் அரித்து, மரங்கொத்தி கொத்தி, பல பத்தாண்டுகளில் உருவாகும் பொந்து அது. அதற்கும் போட்டி: மலை இருவாச்சி, ஆந்தை, மரநாய், தேனீ எல்லாருக்கும் அதே பொந்து வேண்டும்.

இங்கேதான் சிக்கல். ஏலத்தோட்டத்திலும் காப்பித் தோட்டத்திலும் நிழலுக்கு நிற்கும் பழைய காட்டு மரம் சாய்ந்தால் அந்த இடத்தில் நடுவது சில்வர் ஓக். வேகமாக நேராக வளரும், மிளகு ஏற்றலாம், பிறகு வெட்டி விற்கலாம். கணக்குப்படி சரிதான். ஆனால் பொந்து விழும் வயதுக்கு முன்பே அது மரக்கடைக்குப் போய்விடும். தேயிலைச் சரிவுகளில் பெரிய மரமே குறைவு. கீழே இறங்கினால் சாலையோரத்துப் பழைய புளியமரங்கள் சாலை அகலமாகும் ஒவ்வொரு முறையும் குறைகின்றன. தோப்பிலும் "உள்ளே பொந்தா இருக்கு, காத்துல விழுந்துரும்" என்று முதலில் கோடாரி விழுவது பொந்து விழுந்த மரத்தின் மேல்தான். மனிதருக்குப் பயனில்லாத மரம் என்று நாம் கழிப்பதுதான் இந்த உயிருக்கு ஒரே பயனுள்ள மரம்.

பொந்து என்றால் என்ன? உயரத்தில் இருக்க வேண்டும், இருட்டாக இருக்க வேண்டும், மழை நனையக் கூடாது, நுழைவாயில் சிறியதாக இருக்க வேண்டும். காட்டை ஒட்டிய ஒரு பழைய ஓட்டு வீட்டின் மச்சு இந்த நிபந்தனைகள் அத்தனைக்கும் பொருந்துகிறது. இறவாரத்தில் ஒரு சீமை ஓடு நகர்ந்திருந்தால் வாசலும் தயார். எஸ்டேட் பங்களாவானாலும் தோட்டக் காவல் வீடானாலும் அணிலுக்கு வித்தியாசம் தெரியாது. மலையடிவாரத்தில் இது அன்றாடம் நடக்கும் சங்கதி இல்லை. நடக்கும்போது, அந்த வீட்டைச் சுற்றி மரம் என்ன ஆனது என்று பார்க்க வேண்டும் என்பது என் அழுத்தமான எண்ணம்.

பெயர் தெரியாமல் 24 ஆண்டு

யார் என்று பாராமல் முடிவு கட்டுவதில் இந்த மலைக்கே ஒரு கதை உண்டு. 1948-இல் மேகமலையில் தோட்டப் பணியில் இருந்த ஆங்கஸ் ஹட்டன் ஒரு காப்பித் தோட்டத்தில் ஒரு வௌவாலைப் பிடித்தார். அவர் வெறும் தோட்டத் துரை இல்லை. இந்த மலையின் பாம்புகளையும் பாலூட்டிகளையும் பற்றி விரிவாக எழுதி வைத்த இயற்கையாளர். மேகமலையின் ஒரு விரியன் பாம்புக்கு அவர் பெயரே இருக்கிறது. அவர் அனுப்பிய வௌவால், எங்கும் காணப்படும் சாதாரணப் பழந்தின்னி வௌவால் என்ற சீட்டோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகச் சேகரிப்பில் கிடந்தது. 1972-இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லொங்யா அதை எடுத்துப் பார்த்து, இது புதிய இனம் மட்டுமல்ல, புதிய பேரினமே என்று கண்டு, பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். உலகின் அரிய வௌவால்களில் ஒன்று நம் தேனி மாவட்டத்து மலையில் 24 ஆண்டு வேறு பெயரில் இருந்திருக்கிறது.

கையில் பிடித்து, ஆய்வு மேசையில் வைத்துப் பார்த்தவர்களுக்கே இப்படி. மச்சில் கேட்ட சத்தத்தை வைத்து "பெருச்சாளிதான்" என்று விஷம் வைப்பவர் எதைக் கொல்கிறார் என்று அவருக்கே தெரியாது.

வேறு நாடுகளில்

அமெரிக்காவில் இது அன்றாடப் பிரச்சினை. அங்குள்ள பறக்கும் அணில் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு; குளிர்காலத்தில் கூட்டமாக மச்சில் ஒண்டும். கிழக்கு அமெரிக்காவின் அந்த இனம் ஒருவகை டைபஸ் காய்ச்சல் கிருமியைச் சுமப்பது 1970களில் தெரியவந்தது. மச்சில் அவை குடியிருந்த சில வீடுகளில் மனிதர்களுக்கும் காய்ச்சல் வந்தது. நம் மலை அணில் அந்த இனமில்லை. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு இங்கே யாரும் பதற வேண்டாம்.

ஜப்பானில் மரக் கோயில்களின் கூரைக்குள் அந்நாட்டுப் பெரிய பறக்கும் அணில் வாழ்வதுண்டு. டோக்கியோவுக்கு மேற்கே தகாவோ மலைக்கு மாலை நேரத்தில் அதைப் பார்க்கவே ஆட்கள் போகிறார்கள். பின்லாந்தில் ஐரோப்பியச் சட்டப்படி பறக்கும் அணில் குட்டி போட்டு ஓய்வெடுக்கும் இடத்தை அழிக்கக் கூடாது. எஸ்போ நகரத்தில் வீட்டுமனைத் திட்டம் போடும்போதே அது தாவிப் போக மரவரிசையை விட்டுவைக்கிறார்கள். நம் வால்பாறையில் தோட்டச் சாலைக்கு மேலே சிங்கவால் குரங்குகள் கடக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்களே, அதே எண்ணம்தான்.

சரி, என்ன செய்வது?

செய்யக் கூடாதது முதலில். விஷம் வேண்டாம். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்காக வீட்டுக்குள் வைத்த மருந்திலிருந்து வந்த நச்சுக்காற்றைச் சுவாசித்து இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். மச்சில் விஷம் தின்று செத்த பிராணி ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவே அழுகினால் ஒரு மாதம் வீட்டில் இருக்க முடியாது. விஷ எலியைத் தின்ற கூகையும் சாகும். பசை அட்டை எதையும் தரம் பிரிக்காது. அந்துருண்டையால் அணில் போகாது, வீட்டிலிருப்பவர்களுக்குத்தான் தலைவலி.

பிடித்து வேறு காட்டில் விடுவது இன்னொரு தவறு. கம்பம்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. 2023 ஏப்ரல் கடைசியில் கேரளத்தின் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன் யானை, ஒரு மாதத்துக்குள் மேகமலையைச் சுற்றிவிட்டுக் கம்பம் நகருக்குள்ளேயே வந்தது. 144 தடை உத்தரவு போட வேண்டியதாயிற்று. ஜூன் 5-ஆம் தேதி பிடித்துக் களக்காடு–முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். பழகிய இடத்தை இழந்த விலங்கு யானையானாலும் அணிலானாலும் அலையும். இரண்டு கிலோ அணில் அலைந்தால் செய்தியாகாது, செத்துப்போகும். தவிர, 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பொறி வைப்பதும் பிடிப்பதும் துரத்துவதும்கூட வேட்டை என்ற சொல்லுக்குள் அடங்கும். பறக்கும் அணிலும் மரநாயும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. சொந்த வீட்டு மச்சு என்றாலும் சட்டம் சட்டம்தான்.

செய்ய வேண்டியது பொறுமையான வேலை. மாலை ஆறு மணிக்கு வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கூரையைப் பாருங்கள். எந்த ஓட்டின் கீழிருந்து வெளியே வருகிறது என்று தெரிந்துவிடும். தெரியாவிட்டால் சந்தேகப்படும் சந்துகளின் விளிம்பில் அடுப்புச் சாம்பலையோ கோலமாவையோ மெல்லத் தூவி வைத்தால் காலையில் கால்தடம் சொல்லும். குட்டி இருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. குட்டியிருந்தால் அது தானே வெளியே போய்வரும் காலம்வரை பொறுக்க வேண்டும். தாயை வெளியே வைத்து ஓட்டை அடைத்தால் உள்ளே குட்டி செத்துப்போகும். தாய் ஒவ்வொரு ராத்திரியும் வந்து ஓட்டைப் பிறாண்டும். அந்தச் சத்தம் தாங்க முடியாதது.

குட்டி இல்லையென்றால் மற்ற சந்துகளையெல்லாம் பகலில் அரை அங்குலக் கம்பி வலை வைத்து அடைத்துவிட்டு, அது போய்வரும் ஒரு வழியை மட்டும் விடுங்கள். தெர்மாகோல், சாக்கு, தேங்காய் நார் எதுவும் நிற்காது, கடித்துவிடும். அந்த ஒரு வழியின் மேல்விளிம்பில் ஒரு கனத்த பிளாஸ்டிக் தாளையோ மெல்லிய வலையையோ ஆணியடித்துத் தொங்கவிடுங்கள். கீழ்விளிம்பு மட்டும் தளர்வாக இருக்க வேண்டும். உள்ளிருந்து தள்ளிக்கொண்டு வெளியே வரலாம். வெளியிலிருந்து உள்ளே போவது கடினம். சில ராத்திரிகள் விட்டு, அந்த வாயில் ஒரு நாளிதழ்ப் பக்கத்தைக் கசக்கிச் செருகுங்கள். மூன்று நாள் கலையாமல் இருந்தால் மச்சு காலி. அப்புறம் நிரந்தரமாக அடைக்கலாம். எல்லாம் முடிந்ததும் மச்சில் ஓடும் கரண்ட் ஒயரை எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். கொறிக்கும் பிராணிகளின் முன்பல் வாழ்நாள் முழுக்க வளரும். எதையாவது கடித்துத்தான் தேய்க்கும். பழைய தேக்குச் சட்டத்தில் ஒயர் உரிந்திருந்தால் அணிலைவிட அதுதான் ஆபத்து.

கூரைக்கு மேலே சாயும் கிளையை வெட்டினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். வீட்டு அணிலுக்கும் எலிக்கும் அது சரி. இருபது மீட்டர் சறுக்கி வருபவனுக்கு ஒரு கிளை எம்மாத்திரம்? ஒரு பலகைப் பெட்டி செய்து, உடம்பு நுழையும் அளவு ஒரு ஓட்டை போட்டு, அருகிலிருக்கும் உயரமான மரத்தில் கட்டிவிட்டு அதன் பிறகு மச்சை அடைப்பது அதைவிட நல்லது. செலவு ஒரு கதவு போடும் செலவைவிடக் குறைவு.

எச்சத்தைக் கூட்டும்போது முகத்தை மூடிக்கொண்டு, தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டுக் கூட்டுங்கள். உலர்ந்த தூசி மூச்சில் போகக் கூடாது. எந்தப் பிராணி கடித்தாலும் சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்துக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். கேரளத்தில் நிபா வந்த 2018-க்குப் பிறகு கம்பத்திலும் வௌவால் என்றாலே நடுக்கம். நிபாவோடு தொடர்புடைய பெரிய பழந்தின்னி வௌவால் மரத்தில் கூட்டமாகத் தொங்குவது. மச்சில் ஒண்டும் சின்ன வௌவால் வேறு. ஆனாலும் எந்த வௌவாலையும் வெறுங்கையால் தொடாதீர்கள்.

மச்சில் இருப்பது பறக்கும் அணில் என்று சந்தேகம் வந்தாலே கம்பம் கிழக்கு, கம்பம் மேற்கு, கூடலூர், சின்னமனூர், போடி என்று உங்களுக்குப் பக்கத்திலுள்ள வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்களும் அதை மூட்டை கட்டிக் கொண்டுபோகும் வேலையாக மட்டும் பார்க்காமல், எந்த ஊரில், எந்த மாதத்தில், எந்த மரம் விழுந்த பிறகு அது வீட்டுக்கு வந்தது என்று பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு இந்தப் பள்ளத்தாக்குக்கு மிகவும் தேவை. தோட்டம் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: நிழலுக்குப் புதிதாக நடும்போது சில்வர் ஓக்கோடு ஏக்கருக்குச் சில அத்தி, பலா, நாவல் கன்றுகளையும் சேர்த்து நடுங்கள். வீட்டுக்கும் ஆளுக்கும் ஆபத்தில்லாத இடத்தில் நிற்கும் பொந்து மரத்தை வெட்டாமல் விடுங்கள்.